புழுக்குழி

மண்புழுவுக்கு வெயில் ஆகாது, ஐயா. அது ஒன்றைப் புரிந்துகொண்டவன் அதை வாரக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் தூண்டில் போடுகிறவர்கள் செய்கிற தப்பு, தோண்டிய கையோடு கொட்டாங்கச்சியில் போட்டு, மேலே கொஞ்சம் மண்ணைத் தூவி, கண்மாய்க் கரையில் வெயிலில் வைத்துவிடுவது. முள்ளில் கோப்பதற்குள் பாதி செத்துவிடும். செத்த புழுவைக் கெளுத்தி வேண்டுமானால் தொடும். விரால் திரும்பிக்கூடப் பார்க்காது.

என் பெயர் சோலைமலை. ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் இரண்டு கிணறும் இருக்கின்றன. ஒன்று இறவைக் கிணறு. மற்றது என் அப்பா காலத்திலேயே ஊற்று அடைந்துபோன பழைய கிணறு. நீங்கள் கேட்க நினைப்பது பழைய கிணற்றைப் பற்றி என்பது தெரியும். ஆனால் முதலில் புழுக்குழியைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இது உங்களுக்கு விளங்காது.

வாழைக்குத் தண்ணீர் பாய்கிற வாய்க்கால் ஓரம், நிழலில், முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்திருந்தேன். அடியில் ஓட்டாஞ்சில்லு, அதன்மேல் அழுகின வாழைமட்டை, அதன்மேல் ஆறிப்போன பழஞ்சாணி. புதுச்சாணி கூடாது, சூடு கிளம்பும். மேலே ஈரச்சாக்கு. தினமும் கையை விட்டுத் துழாவி, வெட்டுப்பட்ட புழு இருந்தால் எடுத்துவிட வேண்டும். ஒன்று அழுகினால் குழி முழுக்க அழுகும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே செய்து, கெடுத்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டேன்.

சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருக்கிற லட்சுமிகாந்தம் முதலாளி, காலண்டர் சீசன் முடிந்து தை பிறந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சிநேகிதர்களோடு பிளஷர் காரில் எங்கள் கண்மாய்க்கு வருவார். தூண்டில் என்றால் அவருக்கு உயிர். முதல் வருஷம் என் புழுவில் ஒரு விரால் சிக்கியது. அன்றிலிருந்து காரை நிறுத்தியதும், "சோலை எங்க?" என்றுதான் கேட்பார். தன்னுடைய ஜமுக்காளத்தில் என்னையும் உட்காரச் சொல்வார். "உம்ம பூச்சி இருந்தாத்தான்யா எனக்கு மீனு" என்று மற்றவர்கள் காதுபடச் சொல்வார். எங்கள் பக்கத்தில் மண்புழுவைப் பூச்சி என்றுதான் சொல்வது. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. என் பெயரைச் சொல்லித் தேடி வந்தவர் வேறு யாரும் கிடையாது.

மாரிசாமி என் தங்கச்சி வெள்ளைத்தாயைக் கட்டி வீட்டோடு வந்தவன். அப்பா போன பிறகு தோட்டத்தில் ஒரு ஆம்பிளைத் துணை வேண்டும் என்று நான்தான் வரச் சொன்னேன். நல்ல உழைப்பாளி. அதை மறைக்கவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. வந்த புதிதிலேயே எனக்குப் பூச்சி மச்சான் என்று பேர் வைத்தான். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு தீபாவளிக்குத் தங்கச்சி இடியாப்பம் பிழிந்தாள். வந்திருந்த விருந்தாளிகளுக்கு முன்னால் அவன் சொன்னான்: "ஏ வெள்ளைத்தாயி, மச்சானுக்கு இன்னும் ரெண்டு புழுவை எடுத்து வையி. அவுகளுக்குப் பழக்கந்தான."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். கோபம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கோபப்படுகிற ஆள் அன்றைக்கே இலையை வீசியிருப்பான்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழிக்குப் போனேன். சாக்கு மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. புழுக்கள் அத்தனையும் மேலே கிடந்தன. சில சுருண்டிருந்தன, சில நூலாக நீண்டு வெளுத்திருந்தன. வாய்க்கால் வரப்பு வரைக்கும் ஊர்ந்து போய் அங்கே வெயிலில் காய்ந்திருந்தன. எறும்பு மொய்த்துவிட்டது. குழியில் நுரை. கிட்டத்தில் போகும்போதே இலுப்பைப் புண்ணாக்கு வாடை.

இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினால் மண்ணுக்குள் இருக்கிற புழு எரிச்சல் தாங்காமல் மேலே வரும். லேசாகக் கரைத்து ஊற்றி, வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். மழை இல்லாத நாளில் நான் அப்படித்தான் பிடிப்பேன். அதை மாரிசாமிக்குக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். அவன் கெட்டியாகக் கரைத்து வாளி வாளியாக ஊற்றியிருந்தான்.

வெறும் பானையோடு கண்மாய்க்குப் போனேன். எனக்கு முன்னால் அவன் அங்கே இருந்தான். கம்பு மாவைப் பிசைந்து உருண்டை பிடித்துக் கொண்டுவந்திருந்தான். என்னைக் கண்டதும், "மொதலாளி, மச்சானோட பூச்சியெல்லாம் எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு வெயில் காயுதுக. இன்னிக்கு வராதுக" என்றான். சிநேகிதர்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். மாரிசாமி ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தான். நான் கரையில் நின்றேன். கார் கிளம்புகிற வரைக்கும் நின்றேன். உட்கார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பக்குவமாகத்தான் கேட்டேன். "ஏன் மாப்ள அப்படிச் செஞ்சீக?"

"வேடிக்கைக்குத்தான் மச்சான். பூச்சிதான, ஒரு மழை பேஞ்சாத் தானா வருது."

"பூச்சிக்காகவாண்ணே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?" என்றாள் தங்கச்சி. "விடுங்க."

விட்டுவிட்டேன்.

இப்போது பழைய கிணறு. அதற்கு முந்தின கோடையில், குழியில் ஈரம் நிற்காமல், குளுமையான இடம் தேடினேன். பழைய கிணற்றில் புழுப்பானையைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். மறுநாள் எடுத்தால் எல்லாம் துவண்டு கிடந்தன. பானையில் கோளாறு என்று நினைத்து வேறு பானை இறக்கினேன். அதுவும் அப்படியே. அப்புறம் அரிக்கேன் விளக்கைப் பொருத்தி இறக்கினேன். பாதிக் கிணறு தாண்டியதும், ஊதி அணைத்த மாதிரி அணைந்துவிட்டது. இன்னொரு தடவை இறக்கினேன். அதே இடத்தில் அணைந்தது. காற்று கெட்டுப்போயிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். சோதித்துப் பார்க்கக் கடைசியாக இறக்கி விட்டிருந்த இரண்டு பானைகள் கயிறு இற்று உள்ளேயே தங்கிவிட்டன. உடைமுள்ளை வெட்டிக் கிணற்றின் வாயை மூடினேன். ஆடு விழாமல் இருக்க மூடியதாக எல்லோரும் நினைத்தார்கள். விவரத்தை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாவு உருண்டையை மீன் கொறித்துவிட்டுப் போய்விடும். முள்ளில் நிற்காது. ஆகவே அடுத்த வாரத்துக்குப் புழுதான் வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார், மாரிசாமியிடம். சனிக்கிழமை காலையில் நான் கூழ் குடித்துக்கொண்டிருந்தேன். அவன் எதிரில் வந்து குந்தினான். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

"மச்சான், நாளைக்கு மொதலாளி பூச்சி கேக்காக. எங்கிட்டாச்சும் மிச்சம் வச்சிருக்கீகளா?"

கூழைக் குடித்து முடித்தேன். "பழைய கெணத்துக்குள்ள ரெண்டு பானை கெடக்கு மாப்ள. அங்கன எப்பவும் குளுமையா இருக்கும்."

இதில் ஒரு சொல்லாவது பொய்யா, ஐயா? பானை கிடந்தது. குளுமையாகத்தான் இருக்கும். முள்ளைக்கூட நான்தான் இழுத்துப் போட்டேன், அவன் கையில் குத்திவிடக் கூடாதே என்று. படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டேதான் இறங்கினான். பாதியில் நின்றான்.

"மச்சான், என்னமோ கிறுகிறுங்குது."

"இன்னும் ரெண்டு படிதான்" என்றேன்.

அவ்வளவுதான். விழுகிற சத்தம் கேட்டது. பானை உடைகிற சத்தமும் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

நடந்ததைச் சொல்ல இங்கே ஸ்டேஷனுக்கு எதற்கு வந்தேன் என்று நீங்கள் யோசிக்கலாம். விஷக்காற்று தாக்கி விபத்து என்று ஊரில் பேசி, நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் சுடுகாட்டுக்கு முதலாளி வந்தார். பிளஷர் காரில் ரோஜா மாலை கொண்டுவந்தார். மாரிசாமிக்குப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கமான மனுசன்யா. மச்சானோட பூச்சிக்காக உசுரைக் குடுத்துட்டாப்ல." கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அங்கே கொள்ளி வைத்தவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் முதலாளி கார் ஏறிப் போனார். என் பேர் அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

எனக்காக அவன் உயிரைக் கொடுத்தானாம். அந்தப் பேரை அவனுக்கு விட்டுக்கொடுக்க முடியாது, ஐயா. அவன் கொடுக்கவில்லை. நான் எடுத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கச்சி விஷயம் தனி. அதையும் இதையும் சேர்த்து எழுதாதீர்கள். அவள் மிளகாய்த் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே அவன் குப்புறக் கிடந்தது மேலிருந்தே தெரிந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் கால் வைத்தாள். உள்ளே காற்று கெட்டுக் கிடக்கிறது என்று நான் சொன்னால், அது முன்னமே எப்படித் தெரியும் என்று கேட்பாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். யோசிக்க எனக்கு அவகாசம் இருந்தது. அப்பா போன நாளிலிருந்து எதற்கும் என்னைக் கேட்டுத்தான் செய்வாள். அன்றைக்கும் அப்படித்தான், கல்லைப் பிடித்துக்கொண்டு என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"எறங்கட்டுமாண்ணே?"

கூடப் பிறந்தவன் பக்கத்தில் நின்றும் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லையே என்று இப்போது ஊரில் பொம்பிளைகள் பேசுகிறார்களாம். அது அபாண்டம். பாசி பிடித்திருக்கிறது, படி வழுக்கும், பார்த்து இறங்கு என்று சொன்னேன்.