உறைக்குள் யாரும் இல்லை

இன்று 2025, பிப்ரவரி பதினைந்து. எனக்கு எண்பத்தொரு வயது, நான்கு மாதம், ஆறு நாள். எதற்குக் கைதட்டுகிறீர்கள்? உயிரோடிருப்பதைத் தவிர அதற்காக நான் ஒன்றும் செய்யவில்லை. புள்ளியியல் என்ற சொல்லைக் கேட்டதும் பின்வரிசையில் இருவர் கொட்டாவி விட்டதையும் பார்த்தேன். சரி... அதை ஓரமாக வைப்போம். குட்டிக் கதை ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள். கைக்குட்டையை மட்டும் உள்ளேயே வைத்திருங்கள். அழுவதற்குரிய கதை இல்லை இது.

முப்பது ஆண்டுகளுக்கு முன், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் இரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மருந்துச் சோதனை நடந்தது. பாதிக் குழந்தைகளுக்கு அதுவரை தெரிந்தவற்றில் சிறந்த பழைய மருந்து. மறுபாதிக்கு அதனுடன் புதியது ஒன்று. எந்தக் குழந்தை எந்தப் பாதி? மருத்துவர் தேர்ந்தெடுத்தால் மனம் ஒரு பக்கம் சாயும், முடிவு கெடும். ஆகவே குலுக்கலில் விழுந்த பாதியை உள்ளே எழுதி, மூடி முத்திரையிட்ட உறைகள். அவற்றைத் தயாரித்த புள்ளியியல்காரி நான்.

சென்னிமலைப் பக்கமிருந்து பாவாயி, சென்னியப்பன் என்றொரு தம்பதி வந்தார்கள். மகள் கோகிலாவுக்கு ஆறு வயது. சோதனையில் சேர்வதா என்று யோசித்து வரச் சொல்லி அனுப்பியிருந்தோம். அவர்கள் என்ன செய்தார்கள்? செல்லாண்டியம்மனிடம் பூவாக்குக் கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து, அம்மன் முன் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது.

சென்னியப்பன் சிரித்துக்கொண்டே வந்தார். "செவப்பு வந்துருச்சுங்க! புது மருந்தையே குடுத்துருங்க, அம்மனே சொல்லிட்டா!"

இளம் மருத்துவர் என் காதருகே வந்தார். "மேடம், நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அம்மனோட சண்டைக்குப் போற மாதிரி இருக்கும்."

சண்டைக்கு எப்போதும் என்னைத்தான் அனுப்புவார்கள். சொன்னேன்: "எந்த மருந்துன்னு அம்மனும் சொல்லக்கூடாது, டாக்டரும் சொல்லக்கூடாது. இந்த உறைதான் சொல்லும்."

பாவாயி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதும் பூவாக்குத்தானுங்களே! இலைக்குப் பதுலாக் காயிதம்."

"இல்லைம்மா. அங்கே பதில் தெரிஞ்ச அம்மன் இருக்கான்னு நம்பறீங்க. இந்த உறைக்குள்ள யாரும் இல்லை. எது நல்ல மருந்துன்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதையே எல்லாக் குழந்தைக்கும் கொடுத்திருப்போமே!"

"பெரிய டாக்டருக்குமா தெரியாது?"

"தெரியாது."

"சீமையில இருக்கற டாக்டருங்களுக்கு?"

"அவங்களுக்கும் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்காங்க இத்தன படிச்சீங்க?"

"ஆமாம். கூசாம அதைச் சொல்லத்தான் அத்தனை வருஷம் படிச்சேன்."

சிரிக்கிறீர்கள்... அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்: "உங்க புள்ளையா இருந்தா இதுல சேப்பீங்களா?"

என்ன சொல்வது? சேர்ப்பேன் என்றால் இழுக்கிறேன். மாட்டேன் என்றால் தடுக்கிறேன். இரண்டுக்கும் எனக்கு உரிமை கிடையாது. "அதை நான் சொல்லக்கூடாது. சேராட்டியும் கோகிலாவுக்கு வைத்தியம் நிக்காது" என்றேன்.

"கல்லு மனசுக்காரி" என்றார் சென்னியப்பன், எனக்குக் கேட்கும்படியாகவே.

பாவாயி வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே இன்னொரு தாய், மொட்டைத் தலையோடு ஒரு கைக்குழந்தை. பார்த்தாள்... பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "எல்லாரும் வேண்டாம்னு போயிட்டா, அந்தப் புள்ளைக்கும் இதே 'தெரியாது'தான் சொல்லுவீங்க, இல்லீங்களா?"

"ஆமாம்."

"அப்பப் பிரிங்க."

பிரித்தோம். பழைய மருந்து.

சென்னியப்பன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அம்மன் சொன்னதுக்கு நேர் எதுரா ஆயிப்போச்சே!" பாவாயி அவர் தோளைத் தட்டினாள். "எந்திரிங்க. புள்ள பாக்குது."

ஆண்டுகள் ஓடின, முடிவு வந்தது. புதிய மருந்து சேர்ந்த பாதியில் கூடுதலாக ஒரு குழந்தையும் பிழைக்கவில்லை. சில குழந்தைகளின் இதயத்தைப் பழுதாக்கியும் இருந்தது. கோகிலா பழைய மருந்திலேயே குணமாகிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சென்னியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "எம்புட்டு அதிர்ஷ்டம் பாத்தீங்களா!" பாவாயி என்ன கேட்டாள் தெரியுமா? தன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நெஞ்சு கெட்டுப்போன அந்தப் புள்ளைங்க... இப்ப எப்படி இருக்குதுங்க? இது ஆவாதுன்னு அதுங்கதான நமக்குச் சொல்லிக் குடுத்துச்சுங்க?"

எத்தனையோ பல்கலைக்கழகங்களில் எழுந்து நின்றிருக்கிறேன், மரியாதைக்காக. அன்று நான் எழுந்து நின்றது வேறு எதற்காகவோ. அதற்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.

பெற்றோர்களே, மருத்துவ மாணவர்களே! உங்கள் கையிலிருக்கும் ஒவ்வொரு மருந்தும் எப்படி வந்தது? அறிவாளிகள் கண்டுபிடித்தார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். பாதி உண்மை. அது வேலை செய்யும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? யாருக்கும் தெரியாத ஓரிடத்தில், தெரியாது என்று தெரிந்தே, தங்கள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சிலர் நின்றார்கள். அதனால் தெரியும். மருந்து கிடைத்த பாதியும் சொன்னது. கிடைக்காத பாதியும் சொன்னது. இரண்டு பாதியும் இல்லாமல் ஒரு மருந்தும் இல்லை. அடுத்த முறை ஒரு சீட்டில் மருந்தின் பெயரை எழுதும்போது, பேனாவைச் சற்றே மெதுவாக நகர்த்துங்கள்.

'உங்க புள்ளையா இருந்தா?' என்ற பாவாயியின் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. இன்று எந்தச் சோதனைக் குழுவிலும் நான் இல்லை, யாரையும் இழுக்கவோ தடுக்கவோ போவதில்லை, சொல்லலாம். கோகிலாவைப் பிழைக்கவைத்த அந்தப் பழைய மருந்து, 1974இல் புதிய மருந்து. வெளிநாட்டில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நகரத்தில்தான் அதைச் சோதித்தார்கள். என் மகள் வத்சலாவுக்கு அப்போது ஐந்து வயது, அதே நோய். சேர்த்தேன். அவளுக்கு வந்தது, அந்த மருந்து இல்லாத பாதி.