தக்கை மேஸ்திரி சுவரில் வரைந்த வட்டம்

மேடையில் வீற்றிருக்கும் நம் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மேஸ்திரியின் மனைவி, நம் அண்ணி அவர்களே, மேலெல்லாம் தூளோடு பட்டறையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கும் என் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் என்ற முறையில் என்னைக் கடைசியாகப் பேசச் சொன்னார்கள். இரண்டு நிமிடம் போதும், பிறகு மௌன அஞ்சலி என்றார்கள். இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிற மனிதரா நம் தக்கை மேஸ்திரி? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் நம்மைப் பதினாறு வருடம் பொறுத்துக்கொண்டார்.

தூண்டில் கோலுக்குத் தக்கையில் கைப்பிடி செய்து கொடுப்பவர்கள் நாம். அவர் வருவதற்கு முன் நம்மிடம் ஒரு கடைசல் எந்திரம்கூடக் கிடையாது. பக்கத்துத் தெரு மரப்பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரத்தில், அவர்களுடைய எந்திரத்தைக் கெஞ்சி வாங்கி, வரிசையில் நின்று கடைந்துகொண்டிருந்தோம். அவர்கள் சீக்கிரம் சாப்பிட்டு முடித்துவிட்டால் நமக்கு அன்று வேலை இல்லை.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அவர் ஒரு பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். பலகையின் ஒரு முனையில் சுவரில் துளை போடும் சாதாரண டிரில் மெஷின், கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தது. மறுமுனையில் ஒரு மரக்கட்டை, அதற்குள் குழந்தைகளின் சறுக்குச் சக்கரத்திலிருந்து கழற்றிய பேரிங். தக்கை வளையங்களை ஒட்டிக் கோத்த கம்பியை இரண்டுக்கும் நடுவே மாட்டினார். டிரில் சுழன்றது. உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்து மேலே போட்டுப் பிடித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைப்பிடிக்கு இடுப்பு வந்தது, தோள் வந்தது.

நம் தலைவர் அன்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. இது என்ன, பிள்ளைங்க விளையாட்டுச் சாமானா என்றார். மேஸ்திரி நிமிரவே இல்லை. "ஓடுதான்னு மட்டும் பாருங்க தலைவரே. எங்கேர்ந்து ஓடி வந்துச்சுன்னு பாக்காதீங்க" என்றார்.

அந்த விளையாட்டுச் சாமான்கள் இன்று நம் பட்டறையில் பதினொன்று ஓடுகின்றன. வேகம் கூடினால் தக்கை கருகும் என்று, பழைய மின்விசிறி ரெகுலேட்டர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் மாட்டினார். ரெகுலேட்டர் வந்தது. விசிறிதான் சுழலவே இல்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் செயலாளராகச் சேர்ந்த முதல் வாரம், வேலை பழகிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, கம்பியில் மெழுகு தேய்க்க மறந்துவிட்டேன். மெழுகு தேய்க்காவிட்டால் பசை உள்ளே கசிந்து, தக்கை கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். கடைந்து முடித்த பிறகு உருவினால் வராது. அழகான கைப்பிடி, உள்ளே இரும்புக் கம்பி, ஒன்றுக்கும் உதவாது. பட்டம் வாங்கியவள்தான், ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மேஸ்திரி அதை வாங்கி என் மேசையில் வைத்தார். "இந்தாங்கம்மா, இனிமே உங்க காகிதம் பறக்காது" என்றார். அன்றிலிருந்து நம் சங்கத்தின் காகிதங்கள் பறந்ததில்லை. இருந்த இடத்திலேயே இருந்தன.

நம் பட்டறை ஜன்னல்கள் எந்தப் பக்கம் திறக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வார்னிஷ் பூசிய கோல்கள் காயும் தாழ்வாரத்தின் பக்கம். திறந்தால் தூள் பறந்து வார்னிஷில் ஒட்டும், கோல் திரும்பி வந்துவிடும். அதனால் மூடி வைக்க வேண்டும் என்பது குழுவின் முடிவு. கோலில் படிந்த தூசிக்காகச் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்கள். நெஞ்சில் படிந்ததை யார், எங்கே திருப்பி அனுப்புவது?

மூன்று வருடத்துக்கு முன் மேஸ்திரி குழுவின் முன் வந்து நின்றார். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய விசிறியைக்கொண்டு, தூளை உறிஞ்சி வெளியே தள்ளும் ஒன்றைத் தானே செய்து முடித்திருந்தார். பின்சுவரில் நூல் கட்டிச் சுண்ணக்கட்டியால் வட்டமும் போட்டு வைத்திருந்தார். அவர் கேட்டது விசிறியா? இல்லை. சம்பள உயர்வா? இல்லை. சுவரில் ஓர் ஓட்டை! அவ்வளவுதான்.

தக்கைத் தூள்தானே, தும்மினால் போய்விடும் என்றது குழு. ஆனாலும் கட்டட உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதலாம் என்று முடிவானது. எழுத வேண்டியவள் நான். கூட்டம் முடிந்ததும் மேஸ்திரி வாசலில் காத்திருந்தார்.

"எழுதிடுவீங்களாம்மா?"

"இன்னிக்கே எழுதிடறேன் அண்ணே."

"அப்ப சரி. நீங்க எழுதினா நடந்துடும்."

எழுதினேன். தலைவரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். பார்க்கலாம்மா என்றார். மறு மாதமும் அதையேதான் சொன்னார். மூன்றாவது முறை நான் கேட்கவில்லை. தலைவரிடம் இருக்கும் நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்வானேன் என்று நினைத்தேன். கடிதத்தை மேசையில் வைத்து, மேலே மேஸ்திரி கொடுத்த அந்தக் கைப்பிடியை வைத்தேன். காற்றில் பறக்காமல் இருக்க. காற்றே இல்லாத அறையில்!

சற்று முன் தலைவர் பேசும்போது, மேஸ்திரி முகமூடி போட்டிருந்தால் இன்று நம்மோடு இருந்திருப்பார் என்று வருந்தினார். போட்டார் தலைவரே. போட்டுப் போட்டு இறக்கினார். பதினொரு மெஷினில் எதில் தக்கை கருகத் தொடங்கினாலும் முதலில் மூக்குக்குத்தான் தெரியும். "மூக்கை மூடிக்கிட்டா யாரு தக்கை தீயுதுன்னு எப்படித் தெரியும்" என்பார். நம் சரக்கு கெடாமல் இருக்க அவர் மூக்கைத் திறந்து வைத்திருந்தார். செத்தவர் மேல் பழி போடுவது சுலபம், எதிர்த்துப் பேச மாட்டார்.

கடைசி மாதம் மருத்துவமனையில் பார்க்கப் போனேன். கடிதத்தைப் பற்றிக் கேட்பார் என்று பயந்துகொண்டே போனேன். கேட்கவில்லை. மூன்றாம் நம்பர் பேரிங் சத்தம் போடுகிறதா என்றுதான் கேட்டார். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது அவர் படத்தைப் பட்டறையில் மாட்டப் போகிறோம் என்று அறிவித்திருக்கிறார்கள். எங்கே? பின்சுவரில். அதுதான் காலியாக இருக்கிறதாம்.

அந்தச் சுவர் காலியாக இல்லை. அதில் ஒரு வட்டம் இருக்கிறது. இன்று காலையில்கூடப் போய்ப் பார்த்தேன், அழியவில்லை. விசிறி மூன்றாம் மெஷினுக்குக் கீழே சாக்கில் கட்டி இருக்கிறது. அந்த மூன்றாம் மெஷினில் இப்போது உட்காருவது யார்? அண்ணி. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து அண்ணி எத்தனை முறை இருமினார் என்று உங்களில் எவராவது கவனித்தீர்களா? எனக்குக் கேட்டது. மூன்று வருடமாகப் பட்டறையில் இந்த இருமல் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

மேஸ்திரி வழியில் நடப்போம், அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன். அவர் விட்டுப்போன பணி ஓர் ஓட்டை போடுவது. நாளைக் காலை உரிமையாளர் வீட்டு வாசலில் நான் நிற்பேன். படத்தை வேறு எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள்.

கடிதத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். மேலே மூன்று வருடத் தூசி, அதைத் துடைக்கவில்லை. தேதியை மட்டும் மாற்றியிருக்கிறேன். தலைவர் அவர்களே, இதோ உங்கள் முன்னால் வைக்கிறேன். இது பேனா.

தோழர்களே, மௌன அஞ்சலிக்கு எழுந்து நில்லுங்கள். ஒரு நிமிடம் என்று கணக்கு வேண்டாம். தலைவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை நிற்போம்.