யேசுதாசனின் வளையம்

மாலை ஆறே முக்கால். பொழிச்சலூர்ப் பக்கம், கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் ரோடு. மழை விட்டுச் சேறு. ஈ காக்கை இல்லை... ஜெபகுமார் மட்டும். நம்ம ஆபீஸ் யூனிஸுக்குச் சித்தப்பா மகன். சத்தியமாக நடந்தது, சிரிக்காதீங்க.

அன்று காலை அவன் அம்மா போய்விட்டாள். மறுநாள் அடக்கம். அப்பா யேசுதாசனைப் புதைத்த அதே குழியில்தான். பதினாலு வருஷம் ஆனால் திறக்கலாம். ஆகிவிட்டது.

அப்பாவுக்கு உயிரோடு இருக்கையில் இதய வால்வு ஒழுகி, ஆபரேஷனில் ஒரு வளையம் தைத்தார்கள். துணி சுற்றியது, மெத்தென்று வளையும். அதே கோளாறு மகனுக்கும் வந்தது. போன வருஷம் அவனுக்கும் அதே வளையம். "ஆயுசுக்கும் உழைக்கும்" என்று டாக்டர் ஒரு சாம்பிளை அவன் கையில் கொடுத்தே காட்டினார்.

குழியருகே போனதும், வெட்டிக்கொண்டிருந்த சுப்பராயலு உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"சார்... இது இன்னா சார்?"

ஈர மண் வாடை. பழுப்பேறிய எலும்புகள் நடுவில் அந்த வளையம். துணிகூட நையவில்லை. ஜெபகுமார் உள்ளங்கையில் வாங்கினான்.

சுருங்கியது... விரிந்தது... சுருங்கியது.

உதறிக் கீழே போட்டான்.

"அல்லாம் மக்கிப்போச்சு. இது மட்டும் அட்ச்சிகினே கீது சார்."

சுப்பராயலு சவப்பெட்டியின் மூடிப் பலகையைத் திருப்பினார். உள்பக்கம் முழுக்க நகக் கீறல். பாதி கறுத்திருந்தது. பாதியில் மரம் வெள்ளையாக... நேற்றுக் கீறினதுபோல. மனுஷன் சாகக்கூட முடியாமல் பதினாலு வருஷம்!

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஏஞ்சலோட கையைப் பிடித்தான்.

"நான் செத்தா புதைக்காத. எரிச்சிடு. சத்தியம் பண்ணு."

"அம்மா போன துக்கத்துல கண்டதையும் பேசாதீங்க."

நாலே மாதம். வண்டலூர் தாண்டி ஒரு லாரி. அம்மா பக்கத்திலேயே இருக்கட்டும் என்று பாசத்தில் ஏஞ்சல் அவனைப் புதைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பூ வைக்கப் போனவள் மண்ணில் கை வைத்தாள். அடியில் மெல்லத் துடித்தது. திறங்க, திறங்க என்று எல்லார் காலிலும் விழுந்தாள். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள்.

இப்போது தினமும் சாயங்காலம் போகிறாள். பையனுக்கு ஜுரம் விட்டது, கேஸ் சிலிண்டர் வந்தது, எல்லாம் சொல்கிறாள். பிறகு மண்ணில் காதை வைத்து, வெகுநேரம் கேட்கிறாள்...

"அழாதீங்க," என்கிறாள். "நாளைக்கும் வரேன்... அழாதீங்க."