வருமானம் கம்மின்னு நான் எழுதித் தரணுமா?

...அதத்தான் சார் நானும் கேக்குறேன். வேணாம்னா வீட்டுக்குப் போன்னு சொல்லு, வேணும்னா ஒக்காருன்னு சொல்லு. இந்த இன்கம்டாக்ஸ் ஆபீஸ் கவுன்டர் பொண்ணு ரெண்டையும் சொல்லுது! மொதல்ல, "வருசத்துக்கு எவ்வளவு வரும் பெரியவரே?"ன்னுச்சு. சொன்னேன். சிரிக்கல. ஆனா சிரிக்காம இருக்க அது பட்ட பாடு இருக்கே! "உங்க வருமானம் லிமிட்டத் தாண்டல, நீங்க ரிட்டர்ன் போடவே வேணாம்"னுச்சு. சரின்னு எந்திரிச்சேன். "இருங்க இருங்க, பேங்க்ல வட்டியில வரி புடிச்சிருக்காங்களா?" ஆமான்னேன். "அப்ப ரிட்டர்ன் போட்டாத்தான் புடிச்சது திரும்ப வரும், ஒக்காருங்க." ஒக்காந்திருக்கேன். இந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆடுது பாருங்க. ஊரு வரியெல்லாம் வாங்குறாங்க, ஒரு ஆணி வாங்க முடியல...

கொஞ்சம் நகருங்க... ஆங்.

எனக்கு பஞ்சர் கடை சார். நான் ஒட்டுன டியூப் திரும்பி வந்ததே இல்ல. வந்தா அது வேற ஓட்டை. அதுல மிச்சம் புடிச்சத பேங்க்ல போட்டேன். வட்டி வந்ததும் வாஷிங் மெஷின்னு வீட்டுக்காரிகிட்ட வாக்கு குடுத்தாச்சு. வட்டியப் பாத்தா, வரின்னு ஓரத்துல ஒரு கடி கடிச்சு வச்சிருக்காங்க! மெஷினுக்குப் பத்தல. அவ ஒண்ணும் திட்டல சார். திட்டியிருந்தாக்கூடத் தேவல. அழுக்குத்துணிக் கூடையத் தூக்கிட்டு வந்து என் முன்னால வச்சா. "மெஷின் வர்ற வரைக்கும் நீங்கதான் மெஷின்"னுட்டா. இந்தக் கையப் பாருங்க! லாரி டயரு கழட்டுன கை சார் இது. போர்வை பிழிஞ்சு பிழிஞ்சு ஊறிப்போன பன்னு மாதிரி...

எல்லாம் யாரால? என் சம்பந்தியால. என் மகளோட மாமனாரு, மெத்தைக் கடை வச்சிருக்காரு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே, "நம்மள மாதிரி வரி கட்டுறவங்களுக்குத்தான் சம்பந்தி கஷ்டம்"னாரு. நம்மளன்னா? அதுல நானும் உண்டா, குத்திக் காட்டுறாரா? இன்னி வரைக்கும் பிடிபடல. நானும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டி வச்சுட்டேன். ஆட்டுன தலைய அப்புறம் நிறுத்த முடியுமா?

பேங்க்ல பணம் போடப் போன அன்னிக்கு அவரும் வந்திருந்தாரு, ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அந்த பேங்க் அம்மா ஒரு காகிதத்த நீட்டி, "வருமானம் லிமிட்டுக்குக் கீழன்னு கையெழுத்துப் போடுங்க, வட்டியில வரி புடிக்க மாட்டோம்"னாங்க. சத்தமா! அவரு என்னப் பாத்தாரு, நான் அவரப் பாத்தேன். வருமானம் கம்மின்னு நான் எழுதித் தரணுமா, அதுவும் இவரு முன்னாடி? "எனக்கெதுக்கும்மா இது, புடிக்கிறதப் புடிங்க!"ன்னு தள்ளி விட்டேன். அவரும் தள்ளி விட்டாரு. ரெண்டு பேரும் மீசையத் தடவிக்கிட்டே வெளிய வந்தோம்.

என்ன சார் அப்பிடிப் பாக்குறீங்க? தப்பு என்னுதா? அந்தம்மா மெல்லமா சொல்லியிருந்தா, நானும் மெல்லமா போட்டிருப்பேன்ல!

இனிமேதான் வயித்தெரிச்சலே. போன வாரம் மக வந்தா. நான் கொடியில துணி போட்டுட்டு நிக்கிறேன். "ஏம்ப்பா, அன்னிக்கே கையெழுத்துப் போட வேண்டியதுதானே? மாமா மறுநாளே தனியா போயி போட்டுட்டு வந்துட்டாரே! உங்க முன்னாடி போடக் கூச்சமா இருந்துச்சாம்"கிறா! எனக்குக் கையில இருந்த வேட்டி நழுவிடுச்சு... தொவச்ச வேட்டி சார், கட்டுனது இல்ல.

இப்ப இந்த ரிட்டர்ன் ஃபாரத்துல என்ன எழுதணும்? வருமானம் லிமிட்டுக்குக் கீழன்னு. அதேதான்! அன்னிக்கு ஒரு கையெழுத்தோட போயிருக்கும், இன்னிக்குப் பக்கத்துக்குப் பக்கம் போடணுமாம்.

பேனா இருக்கா சார்? குடுங்க... எந்திரிச்சிட்டீங்களா? நல்லதாப் போச்சு, ஒரு சின்ன உதவி. வாசல்ல ஸ்கூட்டர் மேல ஒருத்தர் ஒக்காந்திருப்பாரு, கைக்குட்டையால விசிறிக்கிட்டு. மெத்தைக் கடை. அவருதான் என்னக் கொண்டாந்து விட்டாரு. நான் வரி கட்ட வந்திருக்கறதா சொல்லி வச்சிருக்கேன். ஏன் இவ்வளவு நேரம்னு கேட்டாருன்னா, தொகை கொஞ்சம் பெருசு, எண்ணிக்கிட்டிருக்காங்கன்னு ஒரு வார்த்த... சார்? சார்! பேனாவக்கூட வாங்காம ஓடுறாரே மனுஷன்!