வாரத்துக்குக் கால் டெசிபல்

பாண்டுங்கில் மழைக்காலம் வந்தால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் எதையும் உடனுக்குடன் சேமித்துவைப்பது என் வழக்கம். நீங்கள் விசாரணைக்கு எடுத்துப்போன கணினியில் பதினான்கு மாதப் பதிவும் தேதிவாரியாக இருக்கும் ஐயா. ஒன்றையும் நான் அழிக்கவில்லை.

குமெலார் இசையமைப்பாளர். எங்களுக்கெல்லாம் 'கங்', அதாவது அண்ணன். கணினியில் வயலின், குழல் என்று ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு பிளக்இன் உண்டு. தனியாக அவை ஊமை. எல்லாவற்றையும் ஏற்றி, கோத்து, ஒலியைக் காதுக்கு அனுப்ப ஒரு ஹோஸ்ட் மென்பொருள் வேண்டும். அவருக்கு அதை எழுதிக்கொடுத்தவன் நான். அப்போது நானே அவர் குழுவில் வயலின்களை நடத்திக்கொண்டும் இருந்தேன்.

ஒருநாள் ஒலிப்பதிவில், இரண்டாவது வயலின் சுருதி இறங்கியிருக்கிறது என்றேன். முப்பது பேர் முன்னால் அவர் இசை நடத்தும் குச்சியைக் கீழே வைத்தார்.

"தர்சா, உனக்கு இருக்கறது காதா, தகர டப்பாவா? போய் ஒயர் சுத்துப்பா. பாட்டை நாங்க பாத்துக்கறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரமே ஊருக்குள் என் பெயர் தகரக்காது. பிறகு எந்தக் குழுவும் என்னைக் கூப்பிடவில்லை. அந்தப் பதிவை வீட்டில் பலமுறை கேட்டேன். வயலின் இறங்கித்தான் இருந்தது.

நான் சண்டை போடவில்லை. போய் ஒயர் சுற்றினேன்.

ஹோஸ்டில் ஒலியளவைக் காட்டும் எண் ஒன்று உண்டு. அந்த எண் மாறாதபடி வைத்துவிட்டு, ஹெட்போனுக்குப் போகும் ஒலியை மட்டும் வாரத்துக்குக் கால் டெசிபல் ஏற்றினேன். காது கொஞ்சம் மந்தமாகும். மந்தமான காதுக்கு அடுத்த ஏற்றம் தெரியாது. அவர் தினமும் பத்து மணிநேரம் உழைப்பவர்.

எட்டாவது மாதம் கேட்டார். "தர்சா, ஏதோ விசில் சத்தம் கேக்குதே, உனக்குக் கேக்குதா?"

"இல்லையே கங். ஏசியா இருக்கும்."

ஏசியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அப்போதும் அந்த விசில் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

போன மாதம் அதே முப்பது பேர் முன்னால் நின்றார். வயலின்கள் தெளிவாகவே பிசகின. "நல்லாருக்கு, அடுத்தது போலாம்" என்றார். வாசித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மெலாத்தியைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் மகள், ஏழு வயது. பள்ளி விட்டதும் வந்து, இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அப்பா மடியில் உட்கார்ந்து பாடுவாள். அதற்கும் அதே ஒலிதான் போகும். "மாமா, காது வலிக்குது" என்பாள் சில நாள். வேர்க்கடலை மிட்டாய் கொடுப்பேன். அவள் இருக்கும் நேரம் மட்டும் ஒலியைக் குறைத்திருக்கலாம். குறைத்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

அந்தக் குழந்தைமேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அவளுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.