பெரிய கூடை வச்சா நிண்டுபோகுது

இல்லத் தங்கச்சி, இவர் இல்ல. நான் ஸீனத், வஸீர்ட பொஞ்சாதி. தராசு வயரை மீன் நிறுத்து வாங்கிற வாடியில மறந்து விட்டுட்டு வந்து, இப்பதான் திரும்ப எடுக்கப் போனவர். அபிசா கோல் எடுத்தா உள்ளுக்கு வந்து பாக்கச் சொல்லு எண்டுட்டுப் போனார். ஓம், கொம்பியூட்டர் திறந்துதான் கிடக்கு. உங்கட அம்புக்குறி ஓடுறது எனக்குத் தெரியுது. பாருங்களன், நீங்க வவுனியாவில இருந்து கையை அசைக்க, சிலாவத்துறையில என்ட வீட்டு மேசையில எல்லாம் திறந்து திறந்து மூடுது.

ம்? இவர் எழுதின தராசுப் புரோகிராம் இண்டைக்கும் நிண்டதுதான். அதே மாதிரித்தான். சின்னக் கூடையள் வைக்கேக்க ஒழுங்கா நிறை காட்டும், நிறை எழுதின துண்டும் வரும். பெரிய கூடை ஒண்டை ஏத்தினவுடன அப்பிடியே நிண்டுபோகும். வள்ளமெல்லாம் கரைக்கு வந்து நிக்குது, மீன் வெயிலுக்க கிடக்குது, சனம் கத்துது. வாடி முதலாளி ஜுனைதீன் நானா சொல்லிப்போட்டாராம், இன்னொருக்கா நிண்டா இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ, நாங்க பழையபடி கையால எழுதுவம் எண்டு. அந்த வாடிதான் இஞ்ச இவருக்குக் கிடைச்ச முதல் வேலை. புத்தளத்தில அகதியா இருந்து படிச்ச படிப்பு, ஊருக்குத் திரும்பி வந்த பொறகு என்னெண்டு கேக்க ஆளில்ல. நானாதான் நம்பித் தந்தவர்.

இல்லத் தங்கச்சி, நான் அழல்ல. தடிமன்.

சரி, உண்மையைச் சொல்லட்டா? உங்களக் கண்ணில காட்டேலாது எனக்கு. நான் உங்களக் கண்டதே இல்ல, அது வேற கதை. பின்னேரம் புரோகிராம் திருத்த நீங்க கோல் எடுக்கிற நேரம் எண்டா இவர் முகம் கழுவி, தலை இழுத்து, நல்ல சேட்டுப் போட்டு, அத்தரும் பூசிக்கொண்டு வந்து இருப்பார். இந்தப் பழைய பெட்டியில கமரா வேலை செய்யாது. வவுனியா வரைக்கும் அத்தர் மணக்குமா? என்னோட பேச்செண்டா தேத்தண்ணி எங்க, கறியில உப்புக் கூட, அவ்வளவுதான். உங்களோட எண்டா, இல்ல அபிசா, அப்பிடி இல்ல அபிசா, கொஞ்சம் பொறுங்கோ அபிசா... அந்தக் குரலை நான் கலியாணம் முடிச்ச புதுசில கேட்டனான். பொறகு அது எங்க போச்சுதோ எண்டு இருந்தன். பாத்தா, உங்களுக்கெண்டு எடுத்து வச்சிருக்கார்.

சேச்சே, உங்களைக் குறை சொல்லல்ல. நீங்க அப்பிடிப்பட்ட ஆளில்ல. நான் பின்னால இருந்து வெங்காயம் உரிச்சுக்கொண்டு எல்லாம் கேக்கிறனான்தானே. வேலைக்கு வெளிய நீங்க ஒரு சொல்லுக் கதைக்கமாட்டீங்க. திரையில வரிக்குப் பக்கத்தில வைக்கிற அந்தச் சிவப்புப் பொட்டு என்னத்துக்கு எண்டு ஒருநாள் நான் கேட்க, உனக்கு விளங்காது எண்டு இவர் சொல்லிட்டார். நீங்கதான் ஃபோனில சொல்லித் தந்தீங்க. பொட்டு வச்ச வரியில வந்து நிக்கும் அக்கா, பொறகு ஒவ்வொரு வரியா நடத்தி, எங்க தடக்குப்படுது எண்டு பாக்கலாம் எண்டு. அண்டைக்கு எனக்கு எரிச்சல் இன்னும் கூடிப்போச்சு. நீங்க கெட்டவளா இருந்தாலாவது நிம்மதியா ஏசியிருப்பன்.

என்ன? இதில வேற ஆர் கை வைக்கிறதா? ஒருத்தருமில்ல, நானும் இவரும்தான். நான் தூசி தட்டுறதோட சரி.

ஓ, அதே இடம்தானா? நேத்து நீங்க போட்ட ரெண்டு வரியையும் காணல்லயா?

அது அங்க இருக்காது தங்கச்சி. அந்த எழுத்து எனக்கு விளங்காது, ஆனா எந்த இடத்தில புதுசா ரெண்டு வரி வந்ததெண்டு கண்ணுக்குத் தெரியும்தானே. சரி வந்திட்டு எண்டு நீங்க போன பொறகு, இவர் திரும்ப அந்த இடத்துக்குப் போனார். பொறகு அந்த ரெண்டு வரியையும் அழிச்சுப்போட்டார். முந்தநாளும் அப்பிடித்தான். பழுது தீந்தா நீங்க வரமாட்டீங்கதானே.

இல்லயில்ல, இவரிட்ட ஒண்டும் கேக்காதீங்கோ. மோட்டச்சைக்கிள் சத்தம் கேக்குது. வரியைப் போட்டிட்டு ஃபோனை வையுங்கோ தங்கச்சி. இனிப் பழுதாகாது எண்டு நான் இவரிட்டச் சொல்லிக்கொள்ளுறன்.