கூட நடப்பதற்கான பாட்டுகள்

எழுபது வயது மனிதன் ஒருவனை மூன்றே மாதத்தில் எண்பது வயதாக்கியவன் நான். அவன் காப்பியில் எதையும் கலக்கவில்லை. மனம் நோகும்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் சுண்டுவிரல்கூட அவன் மேல் படவில்லை. நல்ல பாட்டுகளாகப் பார்த்துத் தொகுத்து, அன்பளிப்பாகக் கொடுத்தேன், அவ்வளவுதான். நம்ப முடியவில்லையென்றால் பரவாயில்லை. நான் சொல்வதை யாரும் நம்பிப் பழக்கமில்லை. ஒருமுறை வானொலியில் என் இருமலைக் கேட்டு மழை நின்றது என்று சொன்னேன். அதையும்தான் நம்பவில்லை.

அந்த மனிதன் என் நெருங்கிய நண்பன். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் எல்லோருக்கும் அவன் ‘தபால்’. நான் வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறையில் காலம் தள்ளியவன். அதனால் அவனுக்கு நான் ‘ரேடியோ’. இருவருமே மனைவியைப் பறிகொடுத்தவர்கள். காலையில் பூங்காவைச் சுற்றி ஒன்றாக நடப்பதுதான் எங்களுக்கு மிச்சமிருந்த குடும்ப வாழ்க்கை.

ஒன்றாக என்று சொன்னேன். நடந்தது அவன். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்கத் தெருநாய்களுக்கு முன்னால் நடந்த கால்கள் அவை. அவன் போனால் தரையில் கிடக்கும் சருகுகள் எழுந்து கொஞ்ச தூரம் கூடவே போகும். அவன் பிடரி எனக்குத் தெரிந்த அளவு அவனுக்கு முடி வெட்டுகிறவருக்குத் தெரியாது. நான் ஒரு நல்ல கதையை ஆரம்பிப்பேன். அது முடிகிற இடத்தில் அவன் அடுத்த வளைவில் இருப்பான். இத்தனை வருடமாக என் கதைகளின் முடிவை மரங்கள்தான் கேட்டன.

“கொஞ்சம் மெதுவா போயேன்டா” என்பேன்.

“நான் மெதுவாத்தான் போறேன். நீதான் நின்னுட்டிருக்க.”

ஒரு நாள் அவனே வாயைக் கொடுத்தான். “டேய் ரேடியோ, நடக்கும்போது கேக்கறதுக்கு ஏதாவது பாட்டு போட்டுக் குடேன். நீ பேசறது எப்படியும் காதுல விழறதில்ல.”

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வானொலியில் எங்களுக்கு ஒரு கைவேலை உண்டு. செய்தி தொடங்குவதற்குள் பாட்டு முடிந்தாக வேண்டும், பாட்டோ நீளம். வெட்டினால் நேயர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் வேகத்தை ஒரு துளி கூட்டிவிடுவோம். நேரம் மிச்சமென்றால் ஒரு துளி குறைப்போம். பாடியவரே வீட்டில் உட்கார்ந்து கேட்டாலும் கண்டுபிடிக்க மாட்டார். இப்போது கம்ப்யூட்டரில் அது இன்னும் சுலபம். குரல் கனப்பதில்லை, சுருதி இறங்குவதில்லை. தாளம் மட்டும் தளரும்.

தபாலுக்குத் தாளம்தான் உயிர். வேலையில் இருந்த காலத்திலேயே முணுமுணுத்துக்கொண்டேதான் தெருத்தெருவாகப் போவான். கால் பாட்டோடு போகும், கை கடிதத்தோடு போகும். அவனுக்குப் பிடித்த பாட்டுகள் எனக்கு மனப்பாடம். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வந்தால் அவன் முகம் மலரும் என்பது அவன் மனைவிக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும். ஒரு வாரம் உட்கார்ந்து தொகுத்தேன். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, ஹெட்போனோடு கொடுத்தேன். முதல் நாள் கேட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான். அந்த வாரம் அவன் நடையை ரயில்வே துறையே பொறாமையோடு பார்த்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சார்ஜ் போட்டுத் தருகிறேன், புதிதாக ஒரு பாட்டும் சேர்க்கிறேன் என்று பெட்டியை வாங்கிப்போனேன். ஒரு துளி குறைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் ஒரு துளி. எல்லாம் ஞாயிறுதோறும் ஒரே ஒரு துளிதான்; நான் நிதானமான ஆள்.

முதலில் என் கண்ணுக்கு அவன் காது தெரிய ஆரம்பித்தது. பிறகு கன்னம். ஒரு காலைப்பொழுதில் திரும்பிப் பார்க்கிறேன், என் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறான். ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கிக்கொண்டு என் கதை ஒன்றை முடிவு வரை கேட்டுச் சிரித்தான். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த காலைகளில் அது ஒன்று.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். நிறுத்தலாம்தான். ஆனால் எனக்கும் வயதாகிறதல்லவா. நானும் தளர்கிறேன். அவனும் கூடவே தளர்ந்தால்தானே பக்கத்தில் இருப்பான்.

தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் பெண் அவனைத் தாண்டிப் போனாள். பிறகு ஒரு கிழட்டு நாய். அது தாண்டிப் போய், நின்று, திரும்பி அவனை அனுதாபத்தோடு பார்த்தது.

“கால்ல ஏதோ கோளாறுடா” என்றான்.

“வயசாகுதில்ல” என்றேன் ஆறுதலாக.

டாக்டரும் அதையேதான் சொன்னார். தபால் ஹெட்போனை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. சமைக்கும்போதும் பாட்டு, மூன்று மாடி ஏறும்போதும் பாட்டு. பாதி வேலையைப் பாட்டு செய்தது. மீதியை அவனே செய்துகொண்டான். தான் கிழவன் என்று முடிவு கட்டியவனுக்கு வேறு யார் உதவியும் தேவைப்படுவதில்லை. சைக்கிளை விற்கப் போகிறேன் என்றான். வெளி ஆளிடம் போக வேண்டாமே என்று நானே எடுத்துக்கொண்டேன். அவன் பிறந்தநாளுக்குக் கைத்தடி வாங்கிக் கொடுத்தேன். நல்ல தடி, வெள்ளிப் பூண் போட்டது. கண் கலங்கிவிட்டான்.

அவன் மகள் ஒரு பிசியோதெரபிஸ்ட். கால்களைப் பற்றிப் படித்தவள். முன்பெல்லாம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டாள். “ரெண்டே நிமிஷந்தான்பா, பஸ் போயிடும்” என்று நின்றபடியே பேசிவிட்டு ஓடுவாள். பாவம், பஸ்ஸில் தனியாகப் போய்வருகிறாளே என்று போன மாதம் அவள் போனுக்கும் ஒரு தொகுப்பு அனுப்பினேன். இப்போது உட்கார்ந்து பேசுகிறாள். பஸ்ஸை விட்டுவிட்டேன் என்று சொல்லி எங்களோடு சாப்பிடுகிறாள். அப்பா மேல் கவலை போலிருக்கிறது.

அவள் அவன் முழங்காலை மடக்கினாள், நீட்டினாள், தட்டினாள். “தசையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குப் புரியலப்பா” என்றாள்.

“புரிய என்ன இருக்கு? மாடி ஏற முடியல. நான் இல்லத்துக்குப் போயிடறேன்” என்றான் தபால்.

ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் இல்லம் அது. அவன் வீட்டைக் காலி செய்ய ஒப்புக்கொண்டான். பாத்திரங்களைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை காலை வேன் வருவதாக ஏற்பாடு. அந்த இல்லத்தில் வெளியாட்களுக்கு மாலையில் மட்டும்தான் அனுமதி என்று வியாழக்கிழமை தெரியவந்தது. என் மனசாட்சி தற்செயலாக அதே வியாழக்கிழமைதான் விழித்துக்கொண்டது.

மகளைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு துளிகூட மறைக்கவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“மாமா, நீங்க இருமி மழை நின்ன கதையை எனக்கு ஆறு வயசுல சொன்னீங்க. அதையாவது நம்பினேன்.”

“இது நிஜம்மா.”

“அப்பா போறாரேன்னு உங்களுக்குத் தாங்கல. எனக்குப் புரியுது. அதுக்காகப் பழியைத் தூக்கி உங்க மேல போட்டுக்காதீங்க.” என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கூட்டாமல் குறைக்காமல் உண்மையைச் சொன்னேன். கிடைத்தது அனுதாபம்.

அன்று பெட்டியை வாங்கி எல்லாப் பாட்டுகளையும் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலை, கடைசி நடைக்கு மூவரும் பூங்காவுக்குப் போனோம். அவனைப் பார்த்துக்கொள்ள மகளும் பிடிவாதமாகக் கூடவே வந்தாள். தபால் ஹெட்போனை மாட்டினான். தடியை ஊன்றி ஓர் அடி வைத்தான். முகத்தைச் சுளித்தான். “என்னடா, இன்னிக்குப் பாட்டு விரட்டுது?”

“கடைசி நாளில்ல. அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

முதல் பாட்டு முடியும்போது தடி தரையைத் தொடவில்லை. இரண்டாவதில் அது கடிதக் கட்டு மாதிரி அக்குளுக்குப் போய்விட்டது. மூன்றாவது பாட்டில் முணுமுணுக்க ஆரம்பித்தான். தள்ளுவண்டிப் பெண்ணைத் தாண்டினான். கிழட்டு நாய் எழுந்து நின்று வழிவிட்டது. சருகுகள் கிளம்பின. “அப்பா, மெதுவா” என்று மகள் பின்னால் ஓடினாள். வளைவு வரைதான் ஓட முடிந்தது. எனக்கு மறுபடியும் அவன் பிடரி தெரிந்தது; பிறகு அதுவும் தெரியவில்லை.

பூங்கா வாசலுக்கே வேன் வந்து ஹாரன் அடித்தது. ஏறுவதற்கு ஆள் இல்லை.

மகள் மூச்சு வாங்கியபடி திரும்பி வந்தாள். நாங்கள் இருவரும் பக்கம் பக்கமாக, ஒரே வேகத்தில், வாசலை நோக்கி நடந்தோம். நான் ஒரு கதையை ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். பாதியில் தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். என் கால்களைப் பார்த்தாள். நின்றாள்.

பையிலிருந்து போனை எடுத்து, சுற்றியிருந்த இயர்போனோடு என் கையில் வைத்தாள்.

“நீங்க சொன்னது நடந்திருக்கு மாமா, நம்பறேன்” என்றாள். “போன மாசத்திலேர்ந்துதான் நான் பஸ்ஸை விட்டுட்டிருக்கேன்.”